ஓய்வுபெற்ற ஆட்டக்காரருக்கு ஓர் உறை

வானொலி நேயர்களுக்கு என் அன்பு வணக்கம். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் 18 ஆண்டுகளாக வசித்துவரும் நான், அங்கே குடியேறிய பிறகு பழகிக்கொண்ட ஒரு பொழுதுபோக்கைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். ஒருகாலத்தில் பேஸ்பால் ஆடி, இப்போது ஓய்வுபெற்று வீட்டில் இருக்கும் ஆட்டக்காரருக்கு, அவருடைய படம் அச்சிட்ட சிறிய அட்டையைத் தபாலில் அனுப்பி, அதில் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பும்படி வேண்டிக்கொள்வதுதான் அந்தப் பொழுதுபோக்கு. வேலையில்லாதவன் செய்யும் வேலை என்று என் மனைவி சொல்வதுண்டு. ஆனால் தபால்காரர் வரும் நேரத்தை என்னைவிட அவள்தான் சரியாகச் சொல்வாள்.

முதலில் அந்த அட்டையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1909 முதல் 1911 வரை சிகரெட் பெட்டிகளுக்குள் வைத்துக் கொடுக்கப்பட்ட அட்டைகள் இன்று பெரும் புகழ் பெற்றவை. பிற்காலத்தில் அந்த இடத்தைச் சூயிங்கம் பிடித்துக்கொண்டது. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியிலிருந்து டாப்ஸ் என்ற சூயிங்கம் நிறுவனம் 1952இல் வெளியிட்ட தொகுதியில், முன்பக்கம் ஆட்டக்காரரின் படமும் அணியின் சின்னமும், பின்பக்கம் அவருடைய ஆட்டக் கணக்கும் இருந்தன. அந்த அமைப்பே பெரும்பாலும் இன்றுவரை தொடர்கிறது. 1957 முதல் டாப்ஸ் அட்டை இரண்டரை அங்குல அகலமும் மூன்றரை அங்குல உயரமும் கொண்டதாக நிலைபெற்றது. அந்த 1952ஆம் ஆண்டுத் தொகுதியைச் சேர்ந்த நியூயார்க் யாங்கீஸ் அணியின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் மிக்கி மேன்டிலின் அட்டை ஒன்று 2022இல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அத்தகைய அட்டையைத் தபால் பெட்டியில் போட யாருக்கும் துணிவு வராது. நான் அனுப்புபவை 1980களின் இறுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் கணக்கு வழக்கின்றி அச்சடித்துக் குவிக்கப்பட்டு, இன்று காலணா பெறாமல் கடைகளில் பெட்டி பெட்டியாகக் கிடப்பவை. தொலைந்தாலும் வருத்தமில்லை என்பதால் தபாலுக்கு அவையே ஏற்றவை.

இனி உறைக்கு வருவோம். நம் ஊர்ப் பத்திரிகைகளுக்குக் கதையோ கவிதையோ அனுப்பியவர்களுக்குச் சுயவிலாசமிட்ட, தபால்தலை ஒட்டிய உறை புதிதல்ல. படைப்பு திரும்பி வர வேண்டுமானால் அதை இணைத்தாக வேண்டும் என்பது அந்தக் காலத்து விதி. இங்கும் அதே விதிதான். முதியவர் ஒருவர் உறை தேடி, தபால்தலை வாங்கி, முகவரி எழுதி அனுப்புவார் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. இதை நான் கற்றுக்கொண்டது வெட்கத்தோடுதான். என் முதல் கடிதத்தில் திரும்பி வரும் உறையை வைத்தேன், முகவரி எழுதினேன், தபால்தலை ஒட்ட மறந்துவிட்டேன். மூன்று வாரம் கழித்து அட்டை கையெழுத்தோடு வந்தது. உறையின் மூலையில் அவரே வாங்கி ஒட்டிய தபால்தலை இருந்தது. மன்னிப்புக் கேட்டு எழுதிய கடிதத்தில் இரண்டு தபால்தலைகளை வைத்து அனுப்பினேன். அவற்றில் ஒன்றை அவர் எனக்கே பதில் எழுதப் பயன்படுத்திவிட்டார்.

அமெரிக்கத் தபால் துறை 2007இல் விலை அச்சிடப்படாத 'ஃபாரெவர்' தபால்தலையை அறிமுகப்படுத்தியது. பின்னால் கட்டணம் எத்தனை முறை உயர்ந்தாலும் சாதாரணக் கடிதத்துக்கு அந்தத் தபால்தலை செல்லும். எங்களைப் போன்றவர்களுக்காகவே அதைக் கண்டுபிடித்தார்களோ என்று எனக்குத் தோன்றும். ஏனென்றால் பதில் பத்து நாளிலும் வரலாம், நான்கு ஆண்டு கழித்தும் வரலாம். அட்டை மடங்காமல் இருக்கத் தடித்த அட்டைத்தாளை உள்ளே செருகுவோர், விறைப்பான உறை இயந்திரத்தில் ஓடாது என்பதற்காகத் தபால் துறை கூடுதல் கட்டணம் கேட்கும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

கடிதத்தைக் கையால் எழுத வேண்டும், ஒரு பக்கத்துக்குள் முடிக்க வேண்டும். நீங்கள் மாபெரும் வீரர், நான் உங்கள் பரம ரசிகன் என்று தொடங்கும் கடிதத்தை அவர் ஆயிரம் முறை படித்திருப்பார். அவருடைய ஆட்டக் கணக்கைப் பார்த்துவிட்டு, குறிப்பிட்ட ஓர் ஆட்டத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால், அந்தக் கேள்விக்குப் பக்கத்திலேயே பதில் எழுதி அனுப்புபவர்கள் உண்டு. அட்டைகள் இரண்டுக்கு மேல் வைப்பது பேராசை. ஏழெட்டு வந்தால் விற்பனைக்குக் கேட்கிறான் என்று அவர் முடிவு கட்டிவிடுவார், அது பெரும்பாலும் சரியாகவும் இருக்கும்.

அட்டையின் மேற்பரப்பையும் கவனிக்க வேண்டும். பழைய அட்டைகள் சொரசொரப்பானவை, மை பிடித்துக்கொள்ளும். 1990களில் பரவிய பளபளப்பான அட்டைகளில் மை முத்து முத்தாகத் திரண்டு நின்றுவிடும். அதற்காக, எழுத வேண்டிய இடத்தில் ரப்பரால் மெல்லத் தேய்த்தோ, குழந்தைகளுக்குப் போடும் பவுடரைத் தடவித் துடைத்தோ பளபளப்பைக் குறைத்து அனுப்புவோம். பேனாவைப் பொறுத்தவரை, அழியாத மை கொண்ட நீல நிற ஷார்ப்பிதான் பலரும் விரும்புவது. கறுப்பு மை படத்தின் நிழலுக்குள் மறைந்துவிடும்.

யாருக்கு எழுதுவது என்ற கேள்விக்கு என் பதில், புகழ் குறைந்தவர்களுக்கு என்பதுதான். கூப்பர்ஸ்டவுன் நகரிலுள்ள பேஸ்பால் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றவர்களில் பலர் கையெழுத்துக்குக் கட்டணம் வாங்குகிறார்கள். தாராளமாகக் கையெழுத்திட்டவர்களும் இருந்தார்கள். கிளீவ்லாந்து அணியின் பாப் ஃபெல்லர் 2010இல் 92 வயதில் மறையும்வரை அவ்வளவு கையெழுத்திட்டார். அவர் கையெழுத்திடாத பந்துதான் அரிது என்று சேகரிப்போர் வேடிக்கையாகச் சொல்வார்கள். 573 ஹோம் ரன், அதாவது பெரும்பாலும் பந்தை மைதான எல்லைக்கு வெளியே பறக்கவிடும் அடி, அடித்த ஹார்மன் கில்லப்ரூவின் கையெழுத்து பள்ளிக்கூடத்துக் காப்பி நோட்டைப்போல ஒவ்வோர் எழுத்தும் தெரியும்படி இருக்கும். மினசோட்டா அணியின் இளைய ஆட்டக்காரரான டோரி ஹன்டரிடம், படிக்க முடியாத கையெழுத்தை மாற்றிக்கொள்ளும்படி சொல்லி, மாற்றவும் வைத்தவர் அவர்.

ஆனால் ஒரு சில ஆட்டங்களோடு, மேஜர் லீக் எனப்படும் பேஸ்பாலின் உச்சநிலைப் போட்டியான மேல்நிலை லீகிலிருந்து திரும்பிப் போனவர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். ஒரு கோப்பை காபி குடிக்கும் நேரம் மட்டும் இருந்தவர்கள் என்று அவர்களைப் பேஸ்பால் உலகம் சொல்லும். அவர்களுக்கு வரும் கடிதங்கள் குறைவு. வரும் பதில்களோ நீளமானவை. 1980க்கு முன்பு ஓய்வூதியம் பெற நான்கு ஆண்டு ஆட்டம் தேவைப்பட்டது. அந்த ஆண்டு ஆட்டக்காரர் சங்கமும் அணி உரிமையாளர்களும் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு, அணியில் 43 நாட்கள் இருந்தாலே போதும் என்றானது. ஆனால் அந்தச் சலுகை முன்பு ஆடியவர்களுக்குக் கிட்டவில்லை. 2011இல்தான் அவர்களுக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 10,000 டாலர் என்ற உதவித்தொகை கிடைத்தது. இந்த வரலாறு தெரிந்தபின், அப்படிப்பட்ட ஒருவர் கையெழுத்துக்கு ஐந்து டாலர் கேட்டால் எனக்குக் கோபம் வருவதில்லை.

கறுப்பின ஆட்டக்காரர்களுக்கென்று தனியே நடந்த நீக்ரோ லீகுகள் மேல்நிலை லீகுகளாக அங்கீகரிக்கப்பட்டது 2020 டிசம்பரில்தான். அங்கே ஆடியவர்களில் பலருக்கு ஆடிய காலத்தில் அட்டையே அச்சிடப்படவில்லை. அவர்களுக்கு எழுதியவர்கள் மூன்றுக்கு ஐந்து அங்குல வெற்று அட்டையைத்தான் அனுப்பினார்கள்.

போலிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1990களின் இறுதியில் அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்பிஐ, சான் டியேகோவை மையமாகக் கொண்டு 'ஆபரேஷன் புல்பென்' என்ற பெயரில் நடத்திய வேட்டையில் போலிக் கையெழுத்துக் கும்பல் பிடிபட்டது. அன்னை தெரசா கையெழுத்திட்டதாகச் சொல்லப்பட்ட பேஸ்பால் பந்துகள்கூட அதில் சிக்கின. தபாலில் வாங்குபவனுக்கும் முழு உத்தரவாதம் கிடையாது. வேறு யாராவது எழுதியிருக்கலாம், ரப்பர் முத்திரையாகவும் இருக்கலாம். ஆயினும் முதியவர் ஒருவரின் கை நடுக்கம் மையில் பதிந்திருக்கும்போது, அதைச் சந்தேகிக்க எனக்கு மனம் வருவதில்லை.

கடைசியாக, என் வழக்கம் ஒன்று. இரண்டு அட்டைகளை அனுப்பினால், ஒன்றின் மேல் சிறு தாளை வைத்து, 'இது உங்களுக்கு, கையெழுத்திட வேண்டாம்' என்று எழுதிவிடுகிறேன். ஆடியவரிடமே தன் அட்டை இல்லாமல் இருப்பது நாம் நினைப்பதைவிடச் சாதாரணம். பிள்ளைகளுக்குக் கொடுத்திருப்பார், வீடு மாறும்போது போயிருக்கும். சென்ற ஆண்டு ஒருவர் கையெழுத்திட்ட அட்டையோடு ஒரு புகைப்படத்தையும் அனுப்பியிருந்தார். குளிர்பதனப் பெட்டியின் கதவில், பேரக்குழந்தைகளின் கிறுக்கல் ஓவியங்களுக்கு நடுவே, நான் அனுப்பிய இரண்டாவது அட்டை காந்தத்தில் ஒட்டப்பட்டிருந்தது.

நன்றி, வணக்கம்.