பிள்ளைகளோடு குளக்கட்டில் ஒரு காலை

அன்பான நேயர்களுக்கு வணக்கம். பங்குனி வந்துவிட்டது. பெரும்போக வெட்டு முடிந்து வயல்களில் மாடுகள் நிற்கின்றன. வேப்பம்பூ முற்றமெல்லாம் கொட்டிக் கிடக்கிறது. சித்திரை விடுமுறைக்குப் பிள்ளைகளை எங்கே கூட்டிப் போகலாம் என்று கேட்கிற பெற்றோருக்கு நான் சொல்வது ஒன்றுதான்: உங்கள் ஊர்க் குளக்கட்டுக்குக் கூட்டிப் போங்கள். மலைநாட்டுக்குப் போய்த்தான் இயற்கையைப் பார்க்க வேண்டும் என்றில்லை.

முதலில் ஒரு விஷயம். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை மிதிவெடி அபாயத்தைச் சொல்வது என்று வன்னிப் பிள்ளைகளுக்குத் தெரியும். ஊரார் நாளாந்தம் நடக்கிற பாதையை விட்டு நாங்கள் இறங்குவதில்லை. புதிய இடமென்றால் கிராம அலுவலரிடம் விசாரிக்காமல் போவதில்லை. தெரியாத பொருளைத் தொடுவதே இல்லை. "நிலத்தைப் பார்த்து நட" என்று பயத்தோடு சொல்லித்தான் ஒரு தலைமுறையை வளர்த்தோம். அதே நிலத்தை ஆசையோடும் பார்க்கப் பிள்ளைகள் பழக வேண்டும் என்பதுதான் என் விருப்பம்.

கிளிநொச்சி இரணைமடுக் குளத்துப் பக்கம் ஒருமுறை நடந்ததைச் சொல்கிறேன். வாய்க்காலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் துருசடியில் தொடங்கி, குளம் நிரம்பினால் தண்ணீர் வழிந்தோடும் வான் வரைக்கும் போவதாக ஏற்பாடு. கொஞ்சத் தூரம் போனதும் ஒரு சின்னப் பிள்ளை மரத்தடியில் குந்திவிட்டாள். காய்ந்த பொடிமணலில் சின்னச் சின்னக் குழிகள். "இதை ஆர் தோண்டினது?" என்று கேட்டாள். எனக்கு விடை தெரியும், ஆனால் சொல்லவில்லை. பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். எல்லோரும் சுற்றி இருந்தார்கள். ஒரு எறும்பு குழி விளிம்பில் கால் வைத்துச் சறுக்கியது. ஏறப் பார்த்தது. அடியிலிருந்து யாரோ மணலை அள்ளி எறிந்தார்கள்! எறும்பு மறுபடி சறுக்கியது, பிறகு காணவில்லை. பிள்ளைகள் மூச்சுவிடவில்லை.

அப்புறம் ஒருவன் மெதுவாக மணலை ஊதி, உள்ளே இருந்ததைக் கையில் எடுத்தான். குழியானை என்கிற பூச்சி. உள்ளங்கையில் விட்டால் பின்பக்கமாகத்தான் போகும். பின்பக்கமாகவே சுற்றிச் சுற்றித்தான் அந்தக் குழியையும் தோண்டுகிறது. இது பெரிசானால் என்னவாகும் என்று கேட்டார்கள். மணலுக்குள் உருண்டையாகக் கூடு கட்டி, தும்பி மாதிரி நீளச் சிறகோடு வெளியே வரும், இரவில் பறக்கும் என்றேன். ஒருவரும் நம்பவில்லை. கையில் எடுத்தவன் அதைக் கவனமாகக் குழியிலேயே திரும்ப விட்டான்.

அன்று வான் வரைக்கும் போகவே இல்லை. போகாததில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பிள்ளைகளோடு போகும்போது தூரத்தைக் கணக்குப் பார்க்காதீர்கள். ஆசிரியர்களுக்கும் இதையே சொல்கிறேன். பெயர்களை அடுக்காதீர்கள், கேள்வி முதலில் வரட்டும். மெதுவாகப் போங்கள், பிள்ளை நின்றால் நீங்களும் நில்லுங்கள்.

பாலைப்பழக் காலம் வைகாசி, ஆனியில் வரும். வாயெல்லாம் பால் ஒட்ட ஒட்டத் தின்றவர்கள் எத்தனை பேர் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள்! கரடிக்கும் அது பிடித்த பழம். கரடியின் எச்சத்தில் பாலைக் கொட்டைகளைக் காணலாம். காட்டுக்குப் பாலையை விதைக்கிறவர்களில் கரடியும் ஒன்று. ஆகவே அந்த மாதங்களில் பிள்ளைகளோடு காட்டோரம் வேண்டாம், கட்டோடு நில்லுங்கள்.

பறவைகளைப் பற்றித்தான் நிறையப் பேச நினைத்தேன், நேரம் முடிகிறது என்கிறார்கள். சரி, சுருக்கமாக. இரணைமடுவுக்குத் தண்ணீர் கொண்டுவரும் கனகராயன் ஆறு போய்ச் சேர்வது சுண்டிக்குளம் கடலேரியில். 1938 முதல் அது பறவைகள் சரணாலயம், 2015 இல் தேசியப் பூங்காவானது. வலசை வந்த பறவைகள் இப்போது திரும்பிக்கொண்டிருக்கின்றன. பற்றைக்குள் விடியலிலும் பொழுதுபடும் நேரத்திலும் கூவுகிற ஆறுமணிக் குருவியும் இமயமலை அடிவாரப் பக்கம் போய்விடும். அதைக் கேட்க வேண்டுமென்றால் இந்தக் கிழமையே விடியக் கிளம்புங்கள். தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் எடுத்துக்கொள்ளுங்கள். யானை வரும் இடமென்றால் வெளிச்சம் நன்றாக வந்த பிறகு, ஊர்ப் பெரியவர் ஒருவரோடு போங்கள். நன்றி, வணக்கம்.