பிறஷர் மெஷினில் மின்னும் அந்த இதயக் குறி

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

யாழ்ப்பாணத்தில் இப்போது வீட்டுக்கு வீடு ஒரு பிறஷர் மெஷின் இருக்கிறது. கொவிட் காலத்தில் அடித்துப்பிடித்து வாங்கிய, விரலில் மாட்டிப் பார்க்கிற ஒட்சிசன் மீற்றர் அலுமாரிக்குள் கிடக்கிறது. நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த மகன் கட்டிவிட்டுப்போன கைக்கடிகாரம் வேறு. இவற்றில் ஏதாவது ஒன்று ஒரு நாள் உங்களுக்குச் சொல்லும், இதயத்துடிப்பு ஒழுங்கில்லை என்று. கிளினிக்கில் என்னிடம் வருகிறவர்களில், அந்த அறிவித்தலைப் பார்த்த நாள் தொடக்கம் நித்திரை கெட்டு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். அவர்களை மனதில் வைத்துத்தான் பேசுகிறேன்.

முதலில், பிறஷர் மெஷினில் மின்னும் அந்த இதயக் குறி. மெஷின் உங்கள் கையை இறுக்கித் தளர்த்தும்போது நாடி பட்டையில் தட்டுகிற ஒவ்வொரு தட்டையும் கவனிக்கிறது. தட்டுக்கும் தட்டுக்கும் இடையிலுள்ள நேரம் சராசரியை விடக் கால்வாசி கூடியோ குறைந்தோ இரண்டொரு தடவை வந்தால், பல மெஷின்கள் இதயக் குறியைப் போட்டுவிடும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். இதயத்துக்குள் ஓடும் மின்சாரத்தை அது பார்ப்பதில்லை. அளக்கும்போது நீங்கள் இருமினாலும், அடுப்படியில் நிற்பவருக்குப் பதில் சொன்னாலும், பேரப்பிள்ளை கையைப் பிடித்து இழுத்தாலும் அதே குறி வரலாம். கைக்கடிகாரம் இதைவிடக் கெட்டித்தனமானது. சிலவற்றில் இதயத்தின் மின்சாரத்தைப் பதிவுசெய்யும் ஈசிஜியும் உண்டு. ஆனால் ஆஸ்பத்திரியில் கை, கால், நெஞ்சு என்று பத்து இடத்தில் ஒட்டி, பன்னிரண்டு கோணத்தில் எடுப்பதை அது ஒரே கோணத்தில் எடுக்கிறது. மாரடைப்பை அது கண்டுபிடிக்காது. கடிகாரம் நல்லது சொல்லிவிட்டது என்று நெஞ்சுவலியோடு வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

அமெரிக்காவில் 4 இலட்சத்து 19 ஆயிரம் பேர் கடிகாரம் கட்டிக்கொண்டு பங்குபற்றிய ஒரு பெரிய ஆய்வு 2019இல் வெளிவந்தது. ஒழுங்கில்லை என்ற அறிவித்தல் வந்தது ஆயிரத்துக்கு ஐந்து பேருக்குத்தான். அவர்களில் நெஞ்சில் ஒரு கிழமை வரை ஈசிஜி ஒட்டி, அதைத் திருப்பி அனுப்பியவர்களைப் பார்த்தால், நூற்றுக்கு 34 பேருக்குத்தான் அந்த நாட்களில் உண்மையான தாளக் கோளாறு பிடிபட்டது. ஆகவே அறிவித்தல் வந்தால் ஈசிஜி ஒன்று எடுத்துப் பார்க்கவேண்டும். அதைத் தாண்டி அந்த இரவே எதையும் முடிவு கட்டத் தேவையில்லை.

சரி, உண்மையிலேயே துடிப்பு பிசகினால் என்ன? தவில் கேட்டு வளர்ந்த ஊர் எங்களுடையது, ஆகவே இப்படிச் சொல்லலாம். தாளம் நேராகப் போகிறது, திடீரென்று ஒரு அடி முந்தி விழுகிறது, பிறகு ஒரு சின்ன இடைவெளி, அடுத்த அடி கொஞ்சம் பலமாக, மறுபடி தாளம் பழையபடி. நெஞ்சுக்குள் "டக்" என்று ஒன்று விட்டு அடித்தது என்று நீங்கள் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். எக்டோபிக் என்போம். 24 மணித்தியாலம் ஈசிஜி கருவியைக் கட்டிவிட்டால் நல்ல சுகமாக இருக்கிறவர்களிலும் அநேகமானோருக்கு இது பதிவாகும். இடப்பக்கம் சரிந்து படுத்தால் இதயம் நெஞ்சுக்கூட்டுக்குக் கிட்ட வருவதால் இன்னும் தெளிவாகத் தெரியும். நித்திரைக் குறைவு, கடும் கோப்பி, சுருட்டு, காய்ச்சல், வெயிலில் வேர்த்துத் தண்ணீர் குடிக்காமல் விட்டது, இரத்தச்சோகை, தைரொயிட், இழுப்புக்குப் பாவிக்கிற பம்ப், இப்படி எத்தனையோ அதைக் கிளப்பும். பிறஷருக்கும் படபடப்புக்கும் கொடுக்கிற அடனோலோல் போன்ற குளிசையை முடிந்துவிட்டது என்று திடீரென நிறுத்தினாலும் படபடக்கும். அந்தத் தவறு எங்கள் ஊர்ப் பக்கம் நிறைய நடக்கிறது.

தாளமே இல்லாமல் கண்டபாட்டுக்கு அடி விழுந்துகொண்டே இருந்தால், அது வேறு விஷயம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பது அதன் பெயர். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கும். அங்கே இரத்தம் தேங்கி உறையலாம். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பாரிசவாதம். அந்த ஆபத்து மற்றவர்களைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு. ஆனால் இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தை ஒழுங்காக எடுத்தால் அதில் மூன்றில் இரண்டு பங்கைத் தவிர்க்கலாம். ஆகவே 65 வயதைத் தாண்டியவர்கள், பிறஷர், சீனி வருத்தம் உள்ளவர்கள், சின்ன வயதில் இதயத்தைப் பாதிக்கிற வாதக்காய்ச்சல் வந்து மாதா மாதம் பெனிசிலின் ஊசி போட்டவர்கள், குறி திரும்பத் திரும்ப வந்தால் ஆறப்போடாமல் ஈசிஜி எடுங்கள். பயப்படுத்தச் சொல்லவில்லை, இதற்கு வைத்தியம் இருக்கிறது, அதனால் சொல்கிறேன்.

இனி, இந்தக் குறியால் வருகிற யோசனையும் பயமும். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தன் கொப்பியைக் கொண்டுவந்து காட்டினார். அவரைக் கேட்டுக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். ஒற்றைக்கோடு அடித்து, சிவப்புப் பேனையால் தலைப்பிட்டு, அச்சடித்த மாதிரி எழுத்து. இரவு 11.10க்கு பிறஷரின் மேல் இலக்கம் 148. 11.14க்கு 156. 11.19க்கு 171, பக்கத்தில் ஒரு குட்டி இதயம் கீறியிருந்தார். 11.23க்கு 178. அதோடு பக்கம் வெறுமையாக நின்றது. "ஏன் ரீச்சர், பிறகு என்ன நடந்தது?" என்று கேட்டேன். "பற்றறி முடிஞ்சுபோச்சு டொக்டர். பிறகு நான் நித்திரையாப் போனன்" என்றார். காலையில் கடைக்கு ஆள் விட்டுப் பற்றறி போட்டுப் பார்த்தால் 132.

நான் அரை மணித்தியாலம் விளங்கப்படுத்த இருந்ததை அந்தப் பக்கமே சொல்லிவிட்டது. பயந்தால் உடம்பு அதிரினலினைச் சுரக்கும். அது பிறஷரையும் ஏற்றும், துடிப்பையும் வேகமாக்கும், முந்தி விழுகிற துடிப்பையும் கூட்டும். அதை மெஷின் பிடித்துக் காட்டும். காட்டினால் இன்னும் பயம். நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை அளந்தால் நீங்கள் அளப்பது பயத்தைத்தான்.

இது எங்கள் ஊர்ப் பிரச்சினை மட்டுமல்ல. அமெரிக்காவில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் விட்டு விட்டு வருகிற 70 வயதுப் பெண் ஒருவர், கைக்கடிகாரத்தில் ஒரே வருடத்தில் 916 தடவை ஈசிஜி எடுத்திருந்தார். 2020இல் மருத்துவ இதழொன்றில் வந்த செய்தி. 701 பதிவுகள் சாதாரணம், 55இல் மட்டுமே தாளக் கோளாறு, 121இல் கடிகாரத்துக்கே விளங்கவில்லை. விளங்கவில்லை என்று வந்ததெல்லாம் தன் நோய் முற்றிவிட்டதற்கு அடையாளம் என்று அவர் நினைத்துக்கொண்டார். கடைசியில் அவருக்குத் தேவைப்பட்டது மனப்பதகளிப்புக்கான சிகிச்சை. எங்களில் யாருக்கும் அது தேவைப்படலாம். அதைக் கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. மனநல உதவிக்கு 1926 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் எடுக்கலாம்.

நான் சொல்லிக் கொடுப்பது இதுதான். கிளினிக்குக்கு முந்திய ஒரு கிழமை மட்டும், காலையும் மாலையும், ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளவுங்கள். தேத்தண்ணி குடித்து அரை மணித்தியாலம் போகட்டும். சலம் கழித்துவிட்டு, கதிரையில் முதுகு சாய்த்து, காலை நிலத்தில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் இருந்தபிறகு கட்டுங்கள். எழுதுங்கள், மெஷினை அலுமாரிக்குள் வையுங்கள். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருக்கிறது என்று ஏற்கனவே தெரிந்தவர்களுக்கு ஒரு அளவை நம்பமுடியாது. மூன்று எடுத்துச் சராசரி பாருங்கள்.

இரவில் படபடத்தால் மெஷினைத் தேடாதீர்கள். எழும்பி இருந்து, பெருவிரலின் அடியில் மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து, சுவர் மணிக்கூட்டைப் பார்த்து ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். தாளம் நேரா, இடையில் ஒன்று தவறுகிறதா, அல்லது தாளமே இல்லையா? நேரத்தையும், அன்றைக்குக் குடித்தது, தின்றது, விட்ட குளிசையையும் எழுதுங்கள். எனக்கு அந்த வரிகள் பத்துப் பக்க இலக்கங்களைவிட உதவும். படபடக்கும்போது கடிகாரத்தில் ஈசிஜி எடுக்கும்படி உங்கள் வைத்தியரே சொல்லியிருந்தால் எடுங்கள், ஒரு முறை.

ஆனால் நெஞ்சு இறுக்கமோ வலியோ, மூச்செடுக்கக் கஷ்டமோ, மயக்கமோ இருந்தால், பேசாமல் இருந்தும் துடிப்பு 120க்கு மேலேயே நின்றால், வாய் கோணினால், கை விழுந்தால், பேச்சுக் குழறினால், எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். உடனே 1990. அம்புலன்ஸ் இலவசம். விடியட்டும், ஓட்டோ வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

வெளிநாட்டில் இருந்து இதை இணையத்தில் கேட்கிற பிள்ளைகளுக்கும் ஒன்று. "மெஷினைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில அனுப்புங்கோ அம்மா" என்று நாளுக்கு மூன்று தரம் கேட்காதீர்கள். ரொறன்ரோவில் நீங்கள் வேலை முடிந்து போனை எடுக்கும்போது இங்கே விடியப்புறம். உங்கள் பதில் வரும்வரை அம்மா மறுபடி மறுபடி அளந்துகொண்டிருக்கிறா. கிழமைக்கு ஒரு தரம் கொப்பிப் பக்கத்தைக் கேளுங்கள், குளிசை இருக்கிறதா என்று கேளுங்கள், போதும்.

நிலையத்துக்கு வந்த கேள்விகளில் ஒன்றுக்கு மட்டும் நேரம் இருக்கிறது: வீட்டு மெஷினைக் கிளினிக்குக்குக் கொண்டுவரலாமா? கட்டாயம் கொண்டுவாருங்கள். எங்கள் மெஷினோடு ஒத்துப் பார்த்துத் தருவோம். பட்டை உங்கள் கைக்குப் பொருந்துகிறதா என்றும் பார்க்கலாம். கை பருமனானவர்களுக்குச் சின்னப் பட்டை கட்டினால் இல்லாத பிறஷரைக் காட்டும். மணிக்கட்டில் கட்டுகிறதைவிட மேற்கையில் கட்டுகிற மெஷின்தான் நம்பகமானது, புதிதாக வாங்குகிறவர்கள் அதையே வாங்குங்கள். நன்றி, வணக்கம்.