சபையின் குரலுக்கு ஏற்ற சுருதி

நேயர்களுக்கு என் அன்பின் வணக்கம். ஞாயிறு ஆராதனையில் பாடல்களை எடுத்துக்கொடுக்கும் ஊழியத்தில் நான் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இருந்துவருகிறேன். ஆயர் கீர்த்தனையின் எண்ணை அறிவித்தவுடன் புத்தகங்கள் புரளும் சலசலப்பும், ஆர்மோனியத்தின் துருத்தி காற்று வாங்கும் ஓசையும் உங்களில் பலர் கேட்டு வளர்ந்தவை. அந்தச் சலசலப்புக்கும் பல்லவியின் முதற்சொல்லுக்கும் இடையிலான சில நொடிகளில் பாட்டை நடத்துபவர் எடுக்கும் ஒரு முடிவைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். எத்தனைக் கட்டையில், அதாவது எவ்வளவு உயர்ந்த அல்லது தாழ்ந்த சுருதியில், பாடலைத் தொடங்குவது என்பதே அம்முடிவு.

நான் இதைக் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்லுகிறேன். தாமிரபரணிக் கரையோரத்துச் சிற்றூர் ஒன்றில், அறுப்பின் பண்டிகையன்று, என் குரலுக்குப் பல்லவி நன்றாக அமைகிறது என்பதற்காக ஒரு கீர்த்தனையை இரண்டரைக் கட்டையில் எடுத்தேன். பல்லவியைச் சபை முழுவதும் பாடியது. அநுபல்லவியில் ஆண்களின் குரல் மெலிந்தது. சரணம் தன் உச்ச ஸ்வரமான மேல் ஸ்தாயி மத்தியமத்தைத் தொட்டபோது என் குரலும் பாடகர் குழுவில் இரண்டு இளைஞர்களின் குரலுமே மிஞ்சின. முன்வரிசையில் கூடை நிறைய நெற்கதிரோடு நின்ற மூதாட்டி ஒருவர், உதடுகளை மூடிக்கொண்டு, விரலால் மட்டும் புத்தகத்தின் வரிகளைத் தொடர்ந்து தடவிக்கொண்டிருந்தார். அவருக்கு அந்தப் பாடல் மனப்பாடம் என்பதை நான் அறிவேன். பாடத் தெரிந்தவரைப் பாடவிடாமல் செய்தது நான் எடுத்த சுருதி. அடுத்த முறை அதே பாடலைக் கீழ் ஸ்தாயியின் ஆறு கட்டைக்கு இறக்கினேன், அந்த உச்ச ஸ்வரம் மேற்கத்திய இசையில் ‘டி’ எனப்படும் ஸ்வரத்தில் வந்து நின்றது, அந்த அம்மையார் கடைசிச் சரணம்வரை பாடினார். அன்றுமுதல் பாடலின் தொடக்கத்தைப் பார்த்துச் சுருதி வைப்பதை விட்டுவிட்டேன். சரணத்தின் உச்சியைப் பார்த்தே வைக்கிறேன்.

இந்தத் தவறு கீர்த்தனையில்தான் மிகுதியாக நேர்கிறது; அதற்குக் காரணம் உண்டு. 1706ஆம் ஆண்டு தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரிகளின் காலந்தொட்டு ஜெர்மானிய மெட்டுகள் தமிழ்ச் சொற்களோடு நம் ஆலயங்களுக்குள் வந்தன. இன்று பாமாலையாகப் பாடப்படும் அத்தகைய மெட்டுகளுக்கு இசைக்குறியீட்டுப் புத்தகம் இருக்கிறது. சுருதியும் அதிலேயே குறிக்கப்பட்டிருக்கிறது. கீர்த்தனையோ வேறு மரபு. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றோர் கருநாடக இசையில் ஊறி இயற்றியவை அவை. 1853இல் மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் அத்தகைய பாடல்களைச் சபை வழிபாட்டுக்கெனத் தொகுத்து வெளியிட்டார். பல்லவி தாழ்ந்து நிற்க, அநுபல்லவி ஏறிச்செல்லும் அவ்வடிவம் பயின்ற குரலுக்கு இடமளிப்பது. ஆனால் அதைப் பாடுவதோ வயலிலிருந்தும் அடுக்களையிலிருந்தும் வருகிற, இசை பயிலாத நம் சபையார். பாட்டின் தலைப்பில் இராகமும் தாளமும் அச்சிடப்பட்டிருக்கும். எத்தனைக் கட்டை என்பது இராது. ஆகவே அது முழுக்க முழுக்கப் பாட்டை நடத்துபவரின் பொறுப்பாகிறது. இப்போது கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்திச் சுருதியை மாற்றிவிடலாம். அப்படியிருந்தும், தமக்கு எடுப்பாக இருக்கும் சுருதியிலேயே பாடி, சபையைக் கேட்போர் கூட்டமாக ஆக்கிவிடுகிறவர்களைக் காணும்போது எனக்கு மெய்யாகவே வருத்தமாக இருக்கிறது.

மீண்டும் சொல்லுகிறேன்: சரணத்தின் உச்சியை முதலில் பாருங்கள். வீட்டிலேயே, சனிக்கிழமை இரவே, அந்த ஒரு வரியை மட்டும் பாடிப் பாருங்கள்.

பாமாலைக்கும் ஒரு சொல். பிறமொழி மெட்டில் நீண்ட ஸ்வரத்தின்மேல் தமிழின் குறில் வந்து விழும் இடங்கள் உண்டு. ‘படு’ என்பதை இழுத்தால் ‘பாடு’ என்று ஆகிவிடும். அத்தகைய இடத்தில் உயிரெழுத்தை நீட்டாமல், எழுத்தைச் சுருக்கமாகச் சொல்லி, எஞ்சிய காலத்தை மூச்சுக்கு விட்டுவிடுங்கள். இதைக் கையசைத்துக் காட்டினால் எளிது. வானொலியில் அதற்கு வழியில்லை. நீங்களே இரண்டு விதமாகவும் சொல்லிப் பார்த்தால் விளங்கிவிடும்.

புதிய பாடலைச் சபைக்குக் கற்பிப்பது குறித்து விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது. சுருக்கமாகச் சொல்லுகிறேன். முதல் ஞாயிறு பாடகர் குழு மட்டும் பாடட்டும். இரண்டாம் ஞாயிறு சபை பல்லவியில் சேரட்டும். சரணங்கள் மூன்றாம் ஞாயிறு. அன்று ஒலிவாங்கியிலிருந்து ஓரடி பின்னால் நின்று பாடுங்கள். சபையின் குரல் உங்கள் காதுக்குக் கேட்க வேண்டும். நன்றி, வணக்கம்.