புண்ணியம் வேண்டாம், ஆள் மாற்றிவிடுங்கள்

வணக்கம். வர்க்கி பிஸ்கட் செய்யும் வீடியோவைப் பார்த்துவிட்டு இந்தச் சேனலில் சேர்ந்தவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. இன்று அடுப்பும் இல்லை, அருவியும் இல்லை. எனக்குப் பின்னால் தெரிவது சமையலறையில் கட்டிய துணிக்கொடி. கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் நல்ல மழை. கூடலூர்ப் பக்கமெல்லாம் ஆடியிலேயே நனைந்து முடித்திருக்கும், எங்களுக்கு இப்போதுதான் தொடக்கம். ஒரு விரிப்பு காய மூன்று நாள் ஆகிறது. எங்கள் வீட்டில் நாளொன்றுக்கு நான்கு விரிப்பு நனைகிறது. மீதிக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவதாகத் தொங்கும் விரிப்பில் பழுப்பாக ஒரு வட்டம் தெரிகிறதா? அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து மூன்று வருடம் ஆகிறது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின. நான் ஜவுளிக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன், அந்த வேலையை விட்டேன். அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். மாதம் தவறாமல் நாலாயிரம் அனுப்புகிறான். அவனைக் குறை சொல்லத்தான் இந்த வீடியோ என்று எண்ணிவிடாதீர்கள்.

குறை வேறு ஒன்றின் மேல். புண்ணியம் என்ற சொல்லின் மேல். குன்னூரிலிருந்து சித்தி வருவார், பக்கத்து வீட்டு அக்கா வருவார். கட்டிலருகே ஐந்து நிமிடம் நின்றுவிட்டு, "நீ செய்வது பெரிய புண்ணியம் கண்ணு, மகராசியாக இருப்பாய்" என்பார்கள். காப்பி குடித்துவிட்டு 62 படி ஏறிச் சாலைக்குப் போய்விடுவார்கள். எனக்கு நல்லவள் பட்டம் கொடுத்தாயிற்று, அவர்கள் மனமும் லேசாகிவிட்டது. "இன்று மாலை நான் இரண்டு மணி நேரம் இருக்கிறேன், நீ போய்த் தூங்கு" என்று இந்த மூன்று வருடத்தில் ஒருவரும் சொன்னதில்லை. புண்ணியம் என்று பெயர் வைத்துவிட்டால் ஆள் மாற்றிவிட வேண்டியதில்லை அல்லவா?

அம்மா எஸ்டேட்டில் கொழுந்து எடுத்தவள். அவள் பறித்த இலைக்கு மாலையில் தராசு வரும், எடை எழுத ஒரு ஆள் இருப்பார், வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு. அந்தக் கூலி போதாது என்று அவள் திட்டாத நாள் இல்லை. ஆனாலும் அதை வேலை இல்லை என்று எவரும் சொன்னது கிடையாது. போன வருடம் இடுப்பு வலிக்காக ஒரு மருத்துவமனைக்குப் போனேன். சீட்டு எழுதிய பெண் என்ன தொழில் என்று கேட்டாள். அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "இல்லை" என்று எழுதிக்கொண்டாள்.

இல்லாத அந்தத் தொழிலைக் கொஞ்சம் கேளுங்கள். படுத்தே இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் போட வேண்டும். இரவு 11, 1, 3, 5 என்று அலாரம் வைத்திருக்கிறேன். ஒரு நாள் காய்ச்சல். 1 மணி அலாரமும் கேட்கவில்லை, 3 மணி அலாரமும் கேட்கவில்லை. காலையில் துடைக்கும்போது முதுகெலும்பின் கீழ்முனையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவப்பு. விரலால் அழுத்தி எடுத்தேன். ஆரோக்கியமான தோல் வெளுத்துவிட்டுப் பிறகு சிவக்கும். இது வெளுக்கவே இல்லை. படுக்கைப் புண்ணின் முதல் அடையாளம் அதுதான். மல்லாந்து படுக்கவிடாமல், தலையணையால் முட்டுக்கொடுத்து, பக்கம் மாற்றி மாற்றிப் படுக்க வைத்து ஒன்பது நாளில் மறைந்தது. ஒரு இரவு தூக்கத்துக்கு ஒன்பது நாள் வட்டி.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். ஒரு நாள் மூன்றாவது முறையாகக் கஞ்சியைத் துப்பினாள் என்று அவள் தலைமாட்டில் டம்ளரை ஓங்கி வைத்தேன். அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அந்த முகம் இன்னும் போகவில்லை. அன்று இரவு 14416 எண்ணுக்கு அழைத்தேன். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். எதிர்முனையில் இருந்தவர் புண்ணியம் என்று சொல்லவில்லை. கடைசியாக எப்போது தொடர்ந்து ஆறு மணி நேரம் தூங்கினீர்கள் என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

நல்லதையும் சொல்ல வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் எங்கள் படிகளிலும் ஆள் இறங்கி வருகிறார்கள். ரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்கே வருகிறது. இயன்முறை மருத்துவர் ஒருமுறை அம்மாவின் காலைப் பிடிப்பதற்கு முன்னால், நான் அவளைத் தூக்குவதைப் பார்த்துவிட்டு, "இடுப்பை வளைக்காதீர்கள், முழங்காலை மடக்குங்கள், அவரை உங்கள் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு எழுங்கள்" என்றார். என் இடுப்பைப் பற்றி இந்த வீட்டில் வந்த முதல் பேச்சு அது.

சட்டத்தில் எங்களுக்கு இடம் இருக்கிறது. 2016 ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், சம்பளம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், பெற்றோரானாலும் வேறு குடும்பத்தாரானாலும், பார்த்துக்கொள்பவரைப் பராமரிப்பாளர் என்றே வரையறுக்கிறது. அதிக உதவி தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் உதவித்தொகை என்ற பேச்சும் அதில் உண்டு. எங்கள் கூடலூரைத் தாண்டினால் கேரளம். அங்கே ஆசுவாசகிரணம் என்று ஒரு திட்டத்தில், படுத்த படுக்கையாக இருப்பவரைப் பார்ப்பவருக்கு மாதம் 600 ரூபாய் என்று வைத்திருக்கிறார்கள். 600 ரூபாய்க்குப் பெரியவர்களுக்கான டயப்பர் ஒரு வாரம் வந்தால் அதிகம். இருந்தாலும் அது பார்ப்பவரின் பெயரில் வரும் பணம் அல்லவா!

இங்கிலாந்துக் கதை ஒன்றைப் படித்துவிட்டுச் சிரித்தேன். அங்கே 1976 இல் இப்படிப் பார்ப்பவர்களுக்கு உதவித்தொகை கொண்டுவந்தார்கள். ஆனால் கணவனோடு வாழும் பெண்ணுக்குக் கிடையாது, அவள் எப்படியும் வீட்டில்தானே இருப்பாள் என்று. ஜாக்குலின் டிரேக் என்ற பெண், தாயைப் பார்த்துக்கொள்வதற்காக 1984 இல் வேலையை விட்டவர், வழக்குப் போட்டார். 1986 ஜூனில் ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. "எப்படியும் வீட்டில்தானே இருக்கிறாள்" என்ற வசனம் நம் ஊர்ச் சொத்து என்று நினைத்திருந்தேன்.

ஆண்கள் பார்ப்பதே இல்லையா என்று கேட்பீர்கள். பார்க்கிறார்கள். 2024 இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கில், 15 முதல் 59 வயது வரையுள்ள பெண்களில் 41 சதவீதம் பேர் வீட்டாரைப் பராமரிக்கிறார்கள், ஆண்களில் 21.4 சதவீதம். குழந்தை வளர்ப்பையும் சேர்த்துத்தான். அந்த 21.4 இல் என் அண்ணனும் இரண்டு நாள் சேர்ந்தான். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றினேன்.

முன்பெல்லாம் போனில் அவனிடம் புலம்புவேன். அவன் "பாவம் நீ" என்பான், பேச்சு முடிந்துவிடும். இந்த முறை புலம்பவில்லை. "சனிக்கிழமை மாலை வா, திங்கள் காலை போ, லீவு சொல்லிவிடு" என்று மட்டும் சொன்னேன். வந்துவிட்டான். நான்கு பக்க நோட்டு ஒன்று எழுதிக் கொடுத்தேன். வலது கையைப் பிடித்து இழுக்காதே, தோள் நழுவிவிடும். கஞ்சி கொடுத்தால் அரை மணி நேரம் சாய்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். இப்படி.

ஞாயிறு காலை கோடநாடு பஸ்ஸில் ஏறினேன். ஜன்னலில் தலையை வைத்ததுதான் தெரியும், நடத்துநர் எழுப்பினார். காட்சிமுனையில் நின்றால் கீழே மாயாறும் தெங்குமரஹாடா கிராமமும் தெரிய வேண்டும். ஒன்றும் தெரியவில்லை, முழுக்க மேகம். எனக்கு அதுவும் பிடித்தது. மிளகாய் பஜ்ஜி இரண்டு தட்டு சாப்பிட்டேன். வீட்டுக்கு மூன்று முறை போன் செய்தேன். மூன்றாவது முறை, "அம்மா தூங்குகிறாள், இனிமேல் கூப்பிடாதே" என்று வைத்துவிட்டான்.

திரும்பி வந்து பார்த்தால் ஒரே நாளில் ஏழு விரிப்பு நனைந்திருந்தது. அடுப்பருகே காயப்போட்டு ஒன்றைக் கருக்கியிருந்தான். அந்தப் பழுப்பு வட்டம் அதுதான். அவன் கண் இரண்டும் கோவைப்பழம். "நீ எப்போது தூங்குகிறாய்?" என்று கேட்டான். திங்கள் காலை போகும்போது மார்கழியிலும் இரண்டு நாள் வருவதாகச் சொல்லி, தேதியைக் காலண்டரில் அவனே வட்டமிட்டான்.

அவன் போன பிறகு நோட்டைப் புரட்டினேன். கடைசிப் பக்கத்தில் அவன் கையெழுத்தில் ஒரு வரி: "கஞ்சிக்கு உப்பு போதுமா என்று அம்மாவைக் கேள். போதும் என்றால் இடது கையைத் தூக்குகிறாள்."

ரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைத்தது நான்தான். கேட்டதே இல்லை. இப்போது கேட்கிறேன். பெரும்பாலும் கையைத் தூக்குவதில்லை. எலுமிச்சை பிழிந்து, மிளகுத்தூள் தூவி, மறுபடி கேட்கிறேன்.