மகளுக்குப் போன வீடு

நேயர்களுக்கு வணக்கம். நடுவில் முற்றமும் நாலு பக்கமும் கட்டடமுமாக இருக்கும் பழைய நாற்சார் வீட்டைப் பார்க்கப் போகிறவர்கள் தூணையும் கதவு நிலையையும் தடவிப் பார்ப்பார்கள். நான் முதலில் கேட்பது உறுதியை, அதாவது காணிப் பத்திரத்தை. காணிப் பிரச்சினைக்கு வந்த ஆளோ என்று வீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரித்தான் பார்ப்பார்!

யாழ்ப்பாணத்தில் வீடு பெரும்பாலும் மகளுக்குச் சீதனமாகத்தான் போகும். ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த தேசவழமை என்ற யாழ்ப்பாணத்து வழக்கச் சட்டத்திலேயே பரம்பரையாக வந்த முதுசம், மகளுக்குக் கொடுக்கும் சீதனம், மணவாழ்வில் சம்பாதித்த தேடியதேட்டம் என்று சொத்து வகைவகையாக இருக்கிறது. ஊர் மாப்பிள்ளையின் பேரால் வீட்டைச் சொல்லும். உறுதியில் இருப்பதோ பெண்சாதியின் பேர். ஆகவே சுவரை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான்.

கொக்குவில் பக்கம் ஒரு வீட்டில் நடு முற்றத்துக்குக் குறுக்கே மதில் ஓடுகிறது. அக்காவுக்கு ஒரு பாதி, தங்கைக்கு ஒரு பாதி. தலைவாசலும் திண்ணையும் அக்காவின் பக்கம், குசினி தங்கையின் பக்கம். அக்கா விறாந்தையை அடைத்துப் புதுக் குசினி வைத்தார். கிணற்றில் இருவருக்கும் பங்கு, போக வர வழியும் தண்ணீர் வாய்க்காலும் உண்டு என்று உறுதி சொல்கிறது. சரி, மழைத்தண்ணீர்? நாற்சார் வீட்டில் உட்புறத்துக் கூரைகள் எல்லாம் முற்றத்தைப் பார்த்தே சரியும். அத்தனை தண்ணீரும் வெளியே போவது தூம்பு என்ற ஒரே வடிகாலால். அது அக்காவின் பக்கம்! கார்த்திகை மழைக்குத் தங்கையின் விறாந்தையில் கணுக்கால் அளவு வெள்ளம். கடைசியில் மதிலின் அடியில் இரண்டு கல்லைக் கழற்றி விட்டிருக்கிறார்கள். அந்த ஓட்டை இன்றைக்கும் இருக்கிறது. யார் முதலில் கல்லைக் கழற்றியது என்பதில் இரு வீட்டாருக்கும் இன்னும் இரண்டு கதை. அந்தத் தூம்பைப் பற்றி உறுதியில் ஒரு வரி இல்லை. அதனால்தான் சொல்கிறேன், உறுதியையும் வீட்டையும் சேர்த்தே பாருங்கள்.

போரால் யாழ்ப்பாணத்துச் சனம் ஊரை விட்டுப் போன 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு இன்னொரு சிக்கல். பங்குக்காரர் ஒருவர் கனடாவில், ஒருவர் லண்டனில், ஒருவர் இங்கே. எல்லாரும் கையெழுத்து வைக்காமல் முழு வீட்டையும் விற்கவும் முடியாது, பெரிதாகத் திருத்தவும் மனம் வராது. அதற்குள் நாலு ஓடு நழுவினால் போதும், சுண்ணாம்புச் சாந்துச் சுவருக்குள் தண்ணீர் இறங்கிவிடும்.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். வழிப்போக்கர் ஒதுங்கத் தெருவாசலில் கூரை போட்ட சங்கடப்படலையைப் பற்றிச் சொல்ல வைத்திருந்தேன். அது இன்னொரு நாளைக்கு. உங்கள் பெட்டியில் பழைய உறுதி கிடந்தால் கறையானுக்கு முன் ஒரு படம் எடுத்து வையுங்கள். நாலு எல்லையிலும் அயலவர் பேர்கள் இருக்கும், அதையும் வாசியுங்கள். வணக்கம்.