மணிக்கு ஆறு பஸ்

நேயர்களுக்கு வணக்கம். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுக்கும் சின்னக் கடை என்னுடையது. கேம் ஆடும் கம்ப்யூட்டரைப் பற்றி வானொலியில் பேசச் சொன்னதும் எனக்கே சிரிப்பு வந்தது. "சிரிக்காதீங்க அண்ணாச்சி, இன்னைக்கு வீட்டுக்கு வீடு பஞ்சாயத்தே அதுதான்" என்றார் நிலையத்து நண்பர். வாஸ்தவம்தான்.

போன கோடையில் ஒரு பையன் கம்ப்யூட்டர் கேபினெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். பின்னாலேயே அவன் அப்பா. சீட்டுப் பணம் எடுத்து மகனுக்கு வாங்கிக் கொடுத்தவர். "அண்ணாச்சி, 90 எப்.பி.எஸ். காட்டுது, ஆனா வெட்டி வெட்டி இழுக்கு" என்றான் பையன். எப்.பி.எஸ். என்றால் திரையில் வினாடிக்கு எத்தனை படம் வருகிறது என்ற எண். அப்பா என்னைத் தனியாக அழைத்து, "இன்னும் பெரிய கார்டு போடணும்னு சொல்லுதான், நெசமா?" என்று கேட்டார்.

திறந்து பார்த்தேன். ரைசன் 5 5600 ப்ராசசர், திரைக்குப் படம் வரைந்து கொடுக்க ஆர்.எக்ஸ். 6600 கிராபிக்ஸ் கார்டு. குறை சொல்ல இடமில்லாத ஜோடி. ஆனால் ரேம் என்ற தற்காலிக மெமரி மட்டும் ஒரே குச்சி, 16 ஜி.பி. பக்கத்து இடம் காலி. 3200 வேகம் என்று அட்டையில் அச்சடித்திருக்கிறது. உள்ளே அது 2400-ல் ஓடிக்கொண்டிருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய வேகத்தில் கால் பங்கை யாருமே எடுத்துப் பயன்படுத்தவில்லை.

அந்தப் பையன் சொன்ன 90-ஐக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். ஜங்ஷனிலிருந்து பாளையங்கோட்டைக்கு மணிக்கு ஆறு பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒன்று வந்தால் நமக்கு ஒரு புகாரும் இல்லை. ஆறும் ஒன்றன் பின் ஒன்றாக முதல் பத்து நிமிடத்தில் போய்விட்டால், அடுத்த 50 நிமிடம் வெயிலில் நிற்கவேண்டும். கணக்கு கேட்டால் டிப்போவில் "மணிக்கு ஆறு பஸ்" என்றுதான் சொல்வார்கள். எப்.பி.எஸ். என்று திரையில் ஓடும் எண் அந்த டிப்போ கணக்கு.

விளையாட்டில் வினாடிக்கு 60 படம் வரவேண்டும் என்றால், 16.7 மில்லி வினாடிக்கு ஒரு படம் தவறாமல் வந்து சேர வேண்டும். நடுவில் ஒரே ஒரு படம் 80 மில்லி வினாடி எடுத்துக்கொண்டால் போதும், கண்ணுக்கு அது இடறல். சராசரியில் அது தெரியவே தெரியாது. அதனால் கடையில் சோதிக்கும்போது "1 சதவீத லோ" என்ற எண்ணைக் கேளுங்கள். வந்த படங்களிலேயே மிகவும் தாமதமான நூற்றில் ஒரு பங்கு என்ன வேகத்தில் வந்தது என்பதை அது சொல்லும். எம்.எஸ்.ஐ. ஆப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளிலேயே பார்க்கலாம். எந்தக் கம்பெனி கார்டாக இருந்தாலும் வேலை செய்யும். சராசரி 90, லோ 30 என்று காட்டும் கம்ப்யூட்டரைவிட, சராசரி 70, லோ 58 என்று காட்டுவதையே நான் எடுப்பேன்.

பையனுக்கு என்ன செய்தேன்? ஒரு 16-ஐ எடுத்துக்கொண்டு இரண்டு 8 கொடுத்தேன். ரேஷன் கடையில் ஒரு தராசுக்குப் பதில் இரண்டு தராசு வைத்த மாதிரி. 3200 வேகத்தில் ஒரு குச்சி வினாடிக்கு அதிகபட்சம் 25.6 ஜி.பி. கடத்தும், இரண்டாகப் போட்டால் 51.2. பிறகு பயாஸ் என்ற அடிப்படை மென்பொருளுக்குள் போய் எக்ஸ்.எம்.பி. என்ற ஒரு வரியை ஆன் செய்தேன். அதைச் செய்யாவிட்டால் ரேம் தன் சொந்த வேகத்துக்கு வராது. இழுப்பு போய்விட்டது. அப்பா என்னைப் பார்த்ததைவிட மகனைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

2025 கடைசியில் ஏ.ஐ. டேட்டா சென்டர்களுக்கு மெமரி அள்ளிக்கொண்டு போனதில் ரேம் விலை ஏறிவிட்டது. அதனால் ஒற்றைக் குச்சி போட்டுத் தலையைத் தடவி அனுப்பும் வழக்கமும் கூடியிருக்கிறது. பில்லில் "16 ஜி.பி." என்று மட்டும் எழுதினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். "8 கூட்டல் 8" என்று எழுதச் சொல்லுங்கள்.

புதிதாக வாங்கப் போகிறவர்கள் கார்டிலிருந்து தொடங்குகிறார்கள். நான் மானிட்டரிலிருந்து தொடங்கச் சொல்வேன். 1920-க்கு 1080 திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 4கே திரையில் 83 லட்சம். ஒவ்வொரு படத்துக்கும் நான்கு மடங்கு வேலை. பட்ஜெட்டில் இருப்பவருக்கு 1080 போதும், அதில் ப்ரீசிங்க் இருந்தால் இன்னும் நல்லது. கார்டு படம் கொடுக்கும் நேரத்துக்குத் தகுந்தபடி திரை தன்னைச் சரிசெய்துகொள்ளும்; சின்னத் தாமதங்களை அது விழுங்கிவிடும். அப்புறம், வினாடிக்கு 144 முறை படம் மாற்றும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கிவிட்டு விண்டோஸ் செட்டிங்கில் 60-லேயே வைத்து ஒரு வருடம் ஆடியவர்கள் இருக்கிறார்கள். மானிட்டர் கேபிளை கார்டில் சொருகாமல், எல்லாப் பாகமும் உட்காரும் மதர்போர்டில் சொருகியவர்களும் இருக்கிறார்கள். பெயர் சொல்லவில்லை.

கார்டில் பெயரை நம்பாதீர்கள். ஆர்.டி.எக்ஸ். 3050 என்றே இரண்டு உண்டு. 2022-ல் வந்தது 8 ஜி.பி., 2024-ல் வந்தது 6 ஜி.பி. மெமரி மட்டும்தான் குறைவு என்று நினைத்தால் தப்பு. உள்ளே கணக்குப் போடும் கோர்கள் 2560-லிருந்து 2304 ஆகிவிட்டன, மெமரிக்குப் போகும் பாதையும் 128 பிட்டிலிருந்து 96 ஆகிவிட்டது. ஆனால் அந்தச் சின்னதற்கும் ஓர் இடம் இருக்கிறது. 70 வாட் போதும், தனி பவர் ஒயர் வேண்டாம். ஆபீஸிலிருந்து கழித்த பழைய கம்ப்யூட்டரை வாங்கி அதில் கார்டு போடுகிறவருக்கு அது சரியான பொருத்தம். கேபினெட்டில் இடம் இருக்கிறதா என்று மட்டும் அளந்துகொள்ள வேண்டும்.

4 ஜி.பி. கார்டுகளை நான் இப்போது தயங்கித்தான் கொடுக்கிறேன். கார்டின் மெமரி நிரம்பிவிட்டால் மீதிப் படச் சரக்கு ரேமிலிருந்து மதர்போர்டு வழியாக வந்து போக வேண்டும். அங்கேதான் இடறும். 2022-ல் வந்த ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. இதற்கு நல்ல பாடம். மெமரி 4 ஜி.பி., மதர்போர்டோடு பேச நான்கே லேன், அதாவது நான்கு தடம் கொண்ட பாதை. பி450, ஏ520 மாதிரி போர்டுகளில் அந்தப் பாதையின் வேகமும் பாதிதான். விலை குறைந்த கார்டு வாங்குகிறவரிடம் விலை குறைந்த போர்டுதான் இருக்கும் என்பதை யாரோ யோசிக்காமல் விட்டிருக்கிறார்கள்.

ப்ராசசரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முன்னே சொன்ன ரைசன் 5600 போதும், இன்டெல் பக்கம் ஐ3 12100எப் நான்கு கோரிலேயே நன்றாக ஓடும். பெயர் கடைசியில் எப் இருந்தால், தனி கார்டு இல்லாமல் திரையில் ஒன்றும் வராது. "இப்போ கார்டுக்குக் காசில்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்கிறவருக்கு 5600ஜி இருக்கிறது. உள்ளேயே கிராபிக்ஸ் உண்டு, வேலரன்ட் விளையாட்டைத் தாராளமாக ஆடலாம். அதன் கிராபிக்ஸுக்குச் சொந்த மெமரி கிடையாது, ரேமைத்தான் கடன் வாங்கும். அதற்கு ஒற்றைக் குச்சி போடுவது பாவம். பின்னால் கார்டு போட்டாலும் 5600 அளவுக்கு வராது. ப்ராசசருக்குள் இருக்கும் கேஷ் என்ற குட்டி மெமரி 32 எம்.பி. அல்ல, 16 தான்.

கம்ப்யூட்டரின் பாகங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ். கதைக்கு வருவோம். யானை வாங்கினவன் அங்குசத்துக்குப் பேரம் பேசினான் என்பார்களே, அது என் கடையில் வாரத்துக்கு ஒருமுறை நடக்கிறது. கார்டுக்கு இருபதாயிரத்தை எண்ணி வைத்தவர் எஸ்.எம்.பி.எஸ்ஸுக்கு, "கேபினெட்டோடவே வருமே அண்ணாச்சி, அதைப் போடுங்க" என்பார். அந்தப் பெட்டியின் பக்கத்தில் 500 வாட் என்று பெரிதாக இருக்கும். கீழே பொடி எழுத்தில் 12 வோல்ட் வரியைப் பாருங்கள். கார்டும் ப்ராசசரும் அதிலிருந்துதான் குடிக்கின்றன. அங்கே 20 ஆம்பியர் என்றிருந்தால் 12 பெருக்கல் 20, 240 வாட். அவ்வளவுதான் அதன் 500. யூ.பி.எஸ்ஸிலும் இதே கண்கட்டு. 600 வி.ஏ. என்பது 600 வாட் அல்ல. பெரும்பாலும் 360 வாட்டுக்கு மேல் தாங்காது. கரண்ட் போன நேரம் பார்த்து விளையாட்டு உச்சத்தில் இருந்தால் யூ.பி.எஸ்ஸும் கூடவே போய்விடும்.

நம்ம ஊர் மே மாதத்தை யூடியூபில் விமர்சனம் செய்கிற வெளிநாட்டுக்காரர்கள் பார்த்ததில்லை. ஏ.சி. அறையில் அவர்கள் எடுத்த எண் நம் மாடி அறையில் வராது. கார்டு சூடேறினால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முன்பக்கம் முழுக் கண்ணாடி வைத்து, உள்ளே கலர் கலராக விளக்கு எரியும் கேபினெட் பார்க்க அழகுதான். காற்று எந்த வழியாக உள்ளே போகும் என்று கேளுங்கள். முன்னால் வலை வைத்ததை வாங்கி, மாதம் ஒருமுறை தூசி தட்டினால் போதும்.

சில இடறல்களுக்கு எந்தப் பாகமும் காரணம் இல்லை. புது விளையாட்டில் ஒரு இடத்துக்கு முதல்முறை போகும்போது மட்டும் இழுத்து, அடுத்தமுறை சரியாக ஓடினால், அது ஷேடர், அதாவது படம் வரைவதற்கான சின்னச் சின்ன நிரல்கள், தயாராகும் நேரம். லட்ச ரூபாய் கார்டிலும் வரும். அதற்காகக் கார்டை மாற்றாதீர்கள்.

கடைசியாக, பழைய கார்டு. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற டிஜிட்டல் நாணயம், கார்டு வைத்துத் தோண்டும் முறையைக் கைவிட்டதும், இரவு பகலாக நாணயம் தோண்டிக்கொண்டிருந்த கார்டுகள் சந்தைக்கு வந்து குவிந்தன. எல்லாமே கெட்டவை அல்ல. விசிறி தேய்ந்திருக்கும், சூட்டைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்திருக்கும், மாற்றினால் ஓடும். பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. ஏதோ ஒரு பழைய கார்டின் பயாஸை மாற்றி எழுதி, ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ. என்று காட்ட வைத்து விற்கிறவர்கள் உண்டு. விண்டோஸ் ஏமாந்துவிடும். ஜி.பி.யு.-இசட் என்ற இலவச மென்பொருளை பென்டிரைவில் கையோடு கொண்டுபோங்கள். பெரும்பாலான போலிகளை அது காட்டிக்கொடுக்கும்.

நெல்லை எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் எழும்பூர். அங்கிருந்து கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட் எட்டிப்பிடிக்கும் தூரம்தான். நான் சரக்கெடுக்கப் போவதும் அப்படித்தான். பழைய கார்டு எதுவானாலும் கம்ப்யூட்டரில் மாட்டி அரை மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். "நேரமில்லை சார்" என்றால், பக்கத்துக் கடையில் ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த கடைக்கு நடங்கள். அந்தத் தெருவில் கடைக்கா பஞ்சம்? வணக்கம்.