பேராலயக் கோபுரத்தை ஏன் நேராக வரையவில்லை?

அடுத்த கேள்வி. "எக்ஸ்பிரஷனிச ஓவியர்கள் பழைய பேராலயங்களை எண்ணெய் வண்ணத்தில் வரையும்போது கோடுகள் வளைகின்றன, அளவுகள் மாறுகின்றன. நேராக வரையத் தெரியாதவர்களா?" என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்.

தெரியும், நன்றாகவே தெரியும். கண்ணில் பட்டதை அப்படியே வரையாமல், மனம் உணர்ந்ததை வரைந்தவர்கள்தான் எக்ஸ்பிரஷனிஸ்டுகள். ஜெர்மானிய ஓவியர் எர்ன்ஸ்ட் லுட்விக் கிர்ச்னரையே எடுத்துக்கொள்ளுங்கள். டிரெஸ்டன் நகரில் கட்டடக்கலை படித்துப் பட்டம் பெற்றவர் அவர். அளவுகோல் வைத்து ஒரு கட்டடத்தை வரைவது அவருக்குப் பாடமாகவே இருந்தது. அப்படிப்பட்டவர் 1914-இல் 'கொலோனில் ரைன் பாலம்' என்ற ஓவியத்தைத் தீட்டினார்.

கொலோன், ரைன் ஆற்றங்கரையில் உள்ள ஜெர்மானிய நகரம். ஓவியத்தின் பின்னணியில் நிற்பது அந்த நகரின் புகழ்பெற்ற பேராலயம். 1248-இல் தொடங்கி, இடையில் சில நூற்றாண்டுகள் அரைகுறையாகக் கிடந்து, 1880-இல்தான் கட்டி முடித்தார்கள். கிர்ச்னர் பிறந்ததும் அதே ஆண்டில்தான். கோபுரங்களின் உயரம் ஏறத்தாழ 157 மீட்டர். இவ்வளவு பெரிய கட்டடத்தைப் பின்னால் நிறுத்திவிட்டு, பாலத்தின் இரும்பு வளைவுகளை முன்னால் எழுப்புகிறார் அவர். தலைப்பிலும் பேராலயத்துக்கு இடமில்லை. எனக்கு இந்தத் துணிச்சல் மிகவும் பிடிக்கும்.

அந்தப் பாலத்தின் பெயர் ஹோஹென்சோலர்ன். அப்போது அது புத்தம் புதியது, 1911-இல் திறக்கப்பட்டது. தண்டவாளம் பேராலயத்தை நோக்கியே வந்து, அதன் அருகில் திரும்பி ரயில் நிலையத்துக்குள் நுழைகிறது. பாலத்தில் நடப்பவருக்குப் பக்கத்தில் ரயிலின் அதிர்வு, தலைக்கு மேல் இரும்பு, எதிரே இடைக்காலக் கல். இவை மூன்றும் ஒரே நொடியில் மேலே வந்து விழும் அனுபவத்தைத்தான் கிர்ச்னர் வரைகிறார். வளைவுகள் நம்மை உள்ளே இழுத்துக்கொண்டு ஓடுகின்றன; நடைபாதையில் போகும் மனிதர்கள் மெலிந்த உருவங்களாகச் சுருங்கிவிடுகிறார்கள். அளவு பிசகாமல் வரைந்திருந்தால் பாலமும் கோயிலும் கிடைத்திருக்கும், அந்த வேகம் கிடைத்திருக்காது.

பிரெஞ்சு ஓவியர் மோனேயும் 1890-களில் பிரான்சின் ரூவான் நகரப் பேராலயத்தைத் திரும்பத் திரும்ப வரைந்தார். அவர் தேடியது கல்லின் மேல் விழும் வெளிச்சம், ஒவ்வொரு வேளைக்கும் ஒரு நிறம். எக்ஸ்பிரஷனிஸ்டுகளுக்கு வெளிச்சம் இரண்டாம்பட்சம். பார்ப்பவரின் உள்ளே நடப்பதுதான் முதன்மை.

வண்ணம் பூசும் முறையிலும் இது தெரியும். எண்ணெய் வண்ணம் என்றதும் தடித்த, பளபளக்கும் பூச்சுதான் பலருக்கு நினைவுக்கு வரும். கிர்ச்னர் அந்தக் காலத்தில் வண்ணத்தை பெட்ரோல் விட்டு நீர்க்கச் செய்தார். அது சீக்கிரம் காயும், மினுமினுப்பில்லாமல் மங்கலாகப் படியும். அதனால் அவரால் கை நிற்காமல் வரைய முடிந்தது. தூரிகைக் கீற்றுகள் பக்கத்தில் பக்கத்தில் சரிந்து விழுந்திருப்பதை அவருடைய அந்தக் கால ஓவியங்களில் கிட்டப் போனால் பார்க்கலாம்.

கேள்வி கேட்ட நண்பர் ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். இந்த ஓவியத்தின் நல்ல அச்சுப் பிரதி ஒன்றை எடுத்து, பேராலயத்தின் இரட்டைக் கோபுரங்களை மட்டும் விரலால் மறையுங்கள். பாலத்தின் ஓட்டம் எங்கே போய் முட்டுகிறது என்று பாருங்கள். பிறகு விரலை எடுங்கள். பின்னால் சிறியதாக நிற்கும் அந்தக் கோயிலுக்கு என்ன வேலை என்பது அப்போது புரியும்.